முதல் போங்காவுக்கு ஊசி

கல்யாணமாகிப் புனேயில் தாபோடி வீட்டுக்கு வந்த மறுநாள். அடுப்படியில் அத்தைக்கு உதவியாக வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று தெருவையே உலுக்குவதுபோல் ஒரு சங்கு ஊதியது. கரூரில் மில் சங்கு கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் இது வீட்டுக்குள்ளேயே வந்து ஊதுவதுபோல் இருந்தது. கூடத்தை எட்டிப் பார்த்தேன். கல்யாணத்துக்காக லீவு போட்டிருந்த மாமனார், படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார். ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்துச் சிரிஞ்சில் இழுத்தார். சட்டையைத் தூக்கி, தொப்புளுக்குச் சற்றுத் தள்ளிக் குத்திக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வந்த மறுநாளே மாமனாரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பது எந்த ஊர் மரியாதை? அவருக்கோ கூச்சமே இல்லை. "இன்னாம்மா, பயந்துட்டியா? போங்கா ஊதிச்சுல்ல?" என்றார். போங்கா ஊதினால் யாராக இருந்தாலும் வயிற்றில் குத்திக்கொள்ளத்தான் செய்வார்கள் என்பதுபோல் இருந்தது அவர் சொன்ன விதம்.

போங்கா என்றால் ஆலைச் சங்கு. மராத்தியில் அப்படிச் சொல்வார்கள். மூன்று தலைமுறையாகப் புனேயில் இருக்கும் என் புகுந்த வீட்டாரின் வட ஆற்காட்டுத் தமிழிலும் அதுதான் பெயர். மாமனார் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஓர் ஆலையில் கடைசல் மெஷினில் வேலை பார்த்தார். அங்கே மதியச் சாப்பாடு இரண்டு பேட்ச். முதல் போங்கா ஊதினால் முதல் பேட்ச் கேன்டீனுக்குப் போகும். அரை மணி கழித்து இரண்டாவது போங்கா. போனவர்கள் திரும்பி வந்து மெஷினைப் பார்த்துக்கொள்ள, அடுத்த பேட்ச் கிளம்பும். மாமனார் இரண்டாவது பேட்ச். அவரோடு அதே மெஷினில் நின்றவர் முதல் பேட்ச். அவர் மராத்திக்காரர். வீட்டில் எல்லோருக்கும் அவர் காகா. மராத்தியில் காகா என்றால் சித்தப்பா முறை. எனக்கு அது தெரியாது. "காகா வந்துட்டாரு, டீ போடு" என்று அத்தை முதல்முறை சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அதை வைத்து இன்றுவரை என்னைக் கேலி செய்கிறார்கள்.

ஓடுகிற மெஷினை இரண்டு பேருமே விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது அந்த ஆலையின் சட்டம். ஆகவே ஒருவர் சாப்பிடும்போது ஒருவர் நிற்பார். இத்தனை வருட சிநேகிதத்தில், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் முதல் ஆளாக வந்து நிற்கிற பழக்கத்தில், இந்த இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருவேளைச் சோறு தின்றதில்லை. கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அதுதான் உண்மை.

மாமனாருக்கு இளவயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்காமல் போய் ஊசிக்கு மாறினார். அந்தப் பழைய இன்சுலினுக்கு ஒரு குணம் உண்டு. குத்தியவுடன் வேலையைத் தொடங்காது, அரை மணி நேரமாவது எடுத்துக்கொள்ளும். அதனால் ஊசி போட்டுக்கொண்டு, காத்திருந்து, பிறகு சாப்பிட வேண்டும். போட்டவுடனே சாப்பிட்டால் சோறு முந்திக்கொண்டு சர்க்கரை ஏறிவிடும். சாப்பாடு தாமதமானால் மருந்து முந்திக்கொண்டு ஆளைக் கீழே தள்ளிவிடும். ஆலை டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர் இதற்குச் சுலபமான வழி சொன்னாராம்: முதல் போங்காவுக்கு ஊசி, இரண்டாவது போங்காவுக்குச் சாப்பாடு. அரசாங்கமே தனக்காகச் சங்கு ஊதுகிறது என்று மாமனார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கைக்கடிகாரம் தேவையில்லை, யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காது கேட்டால் போதும்.

ஆனால் ஆலைக்கு வெளியே யார் போங்கா ஊதுவது? ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கு கிடையாது. அன்றைக்கு அவர் முகமே சரியாக இருக்காது. கூடத்துக் கடிகாரத்தின் கீழேயே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். அத்தை எந்தக் குழம்பை எந்த நேரத்தில் இறக்குகிறாள் என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பார். மதியச் சோறு செரித்த பிறகும் அந்த மருந்து உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். அதற்குத் தீனி போடுவதற்காக, பசி இருக்கிறதோ இல்லையோ, சாயங்காலம் நாலு பிஸ்கட் தின்றே ஆக வேண்டும். "எனக்காக சாப்டறதில்லம்மா, மருந்துக்காக சாப்டறேன்" என்பார். கல்யாண வீடுகள் இன்னும் மோசம். பந்தி எப்போது போடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வீட்டிலேயே டப்பாவில் சாதம் கட்டிக்கொண்டு போய், மண்டபத்தில் ஏதாவது ஒரு மூலை அறையில் தனியாகச் சாப்பிட்டுவிடுவார். என் கல்யாணத்திலும் அப்படித்தான். சம்பந்தி பந்தியில் உட்காரவில்லையே, சீரில் ஏதும் குறையோ என்று என் அப்பா பதறிப்போய் மண்டபம் முழுக்கத் தேடினார். கடைசியில் பாத்திரம் அடுக்கும் அறையில், ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சம்பந்தியைக் கண்டுபிடித்தார். இருவருக்குமே சங்கடமாகப் போய்விட்டது.

அவர் ஓய்வு பெற்ற பிறகும் போங்கா நின்றுவிடவில்லை. தாபோடி வீட்டுக்கு அது துல்லியமாகக் கேட்கும். முதல் சங்குக்கு ஊசி, இரண்டாவது சங்குக்கு அத்தை தட்டைக் கொண்டு வந்து வைப்பாள். காகா அந்த வருடமே ஓய்வு பெற்று, பண்டரிபுரத்துக்கு நடந்து போகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். மழைக்காலம் தொடங்கும்போது பல்லக்கோடு லட்சக்கணக்கான ஜனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பார்கள். பால்கி என்று சொல்வார்கள். அந்தப் பல்லக்கு எங்கள் சாலை வழியாகத்தான் போகும். ஒவ்வொரு வருடமும் வாசலில் மேசை போட்டு மாமனார் வாழைப்பழமும் தண்ணீரும் கொடுப்பார். காகாவின் திண்டி, அதாவது அவர் சேர்ந்து நடக்கிற பஜனைக் கோஷ்டி, வரும்போது காகா வரிசையை விட்டு விலகி வந்து மாமனாரின் கையைப் பிடித்து இழுப்பார். "சல் நா தோஸ்த், ஒரு நாளாவது வா. மத்தியானம் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்" என்று இந்தியில் கூப்பிடுவார். மாமனாரும் அதே இந்தியில், "உங்க சாப்பாடு எப்ப வரும்?" என்று கேட்பார். "சாமி எப்ப குடுக்கறாரோ அப்ப" என்பார் காகா. "என் மருந்துக்கு சாமியத் தெரியாதேப்பா" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொள்வார் மாமனார். இருவரும் சிரிப்பார்கள். திண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் மாமனார் வெகு நேரம் வாசலை விட்டு உள்ளே வர மாட்டார்.

ஒரு வேனிற்காலத்தில், அவரைப் பார்த்துவந்த பிம்ப்ரி டாக்டரம்மா அவருடைய மருந்தை மாற்றினார். சாப்பிட்ட பிறகு சர்க்கரை மிக ஏறுகிறது, சாயங்காலம் மிக இறங்குகிறது, இனி இந்த வேக இன்சுலின் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு பேனா ஊசியைக் கொடுத்தார். இரவில் போடுகிற நீண்ட நேர இன்சுலின் பழையபடியே தொடரும், சாப்பாட்டுக்கான ஊசி மட்டும் மாறுகிறது. என் கணவர்தான் அன்று உடன் போனவர். இருவரும் பேனா எப்படித் திறப்பது, ஊசியை எப்படி மாட்டுவது என்று கற்றுக்கொண்டு வந்தார்கள். எப்போது போடுவது என்று டாக்டரம்மா சொன்னது இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. ஏறினாலும் மாமனார் அதைக் கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். போங்கா சொல்லிவிட்ட பிறகு டாக்டரம்மா என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்?

முதல் சில நாள், இரண்டாவது போங்கா நேரத்தில் அவருக்கு வேர்த்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டோம். தட்டு வந்ததும் சாப்பிட்டுவிடுவதால் சரியாகிவிடும். அதற்கப்புறம் ஒருநாள், பருப்பு பாதி வேகும்போது கேஸ் தீர்ந்துபோனது. வேறு சிலிண்டரை உருட்டி வந்து மாட்டுவதற்குள் இரண்டாவது போங்காவும் ஊதி ஓய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் மாமா என்று சொல்லலாம் என்று கூடத்துக்குப் போனேன். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கைகள் நடுங்கின. என்னை நிமிர்ந்து பார்த்து, "டேய், பதினாறாம் நம்பர் பானா எங்கடா வெச்ச?" என்று அதட்டினார். பானா என்றால் ஸ்பேனர். மருமகளை 'ம்மா' போடாமல் ஒரு வார்த்தை பேசாத மனிதர். எனக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது, அடுத்த நொடிதான் புரிந்தது. "அத்தை!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களே ஓடி வந்துவிட்டார்கள்.

அத்தைக்கு இதெல்லாம் பழக்கம். ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கலக்கி, அவர் தாடையைப் பிடித்து, "முழுங்குங்க, முழுங்குங்கறேன்" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. விரலில் குத்திச் சோதித்துப் பார்த்து, ஏறியிருக்கிறது என்று தெரிந்த பிறகு சோறு போட்டாள். மாமனார் எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்து, "இன்னா, எல்லாரும் நின்னுகினு இருக்கீங்க?" என்றார். பானா கேட்டது அவருக்கு நினைவே இல்லை. அன்று அத்தை தீர்ப்பு எழுதிவிட்டாள். "இந்தப் புது மருந்து நம்ம வூட்டுக்கு ஆவாது. பழசே போடுங்க. வாசலத் தாண்டி எங்கியும் போக வாணாம்" என்றாள். ஆலையில் அத்தனை பெரிய மெஷினை ஓட்டியவர், ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீருக்குப் பிறகு சின்னப் பிள்ளைபோல் தலையாட்டியதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

பழைய மருந்தையே எழுதி வாங்கிவருவதற்காகத்தான் நானும் அவரும் பிம்ப்ரிக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். டாக்டரம்மா கோபப்படவில்லை. "ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். மாமனார் போங்காக் கணக்கை விளக்கினார். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு காகிதத்தில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். குப்பிக்குள் இருக்கும்போது இன்சுலின் ஆறு ஆறாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்குமாம். தோலுக்கு அடியில் போய், ஒட்டு விட்டு ஒவ்வொன்றாகப் பிரிந்தால்தான் ரத்தத்துக்குள் நுழைய முடியும். பழைய மருந்துக்கு அரை மணி காத்திருந்தது அதற்குத்தான். புது மருந்தில் அந்த ஒட்டு சட்டென்று விடும்படி ஒன்றிரண்டு இடத்தில் மாற்றி அமைத்திருக்கிறார்கள். போன சுருக்கில் பிரிந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை தொடங்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், நாலைந்து மணியில் அடங்கிவிடும். நல்ல உடம்பில், சோறு உள்ளே போனதும் கணையம் தானாகச் சுரக்கிறதே, கிட்டத்தட்ட அதைப்போல.

மாமனார் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துச் சாலைகளில் முன்பு சிக்ஸ் சீட்டர் என்று ஒரு வாடகை வண்டி ஓடும். ஆறு பேருக்கான இடத்தில் இன்னும் நாலு பேரைத் திணித்திருப்பான். உள்ளே மாட்டியவன் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் இறங்கி வழி விட வேண்டும். "அப்ப பழசு சிக்ஸ் சீட்டர். இது மோட்டர் சைக்கிள். நிறுத்தனா இறங்கிடுவான்" என்றார் இந்தியில். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அதேதான். மோட்டர் சைக்கிள்காரனை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு, சிக்ஸ் சீட்டரில் வருகிறவனுக்குப்போல நீங்கள் அரை மணி கழித்துத் தட்டு வைக்கிறீர்கள். தட்டு முதலில், ஊசி அப்புறம். தட்டு கண்ணுக்கு முன்னால் வந்தால்தான் பேனாவைத் திறக்க வேண்டும்" என்றார். தட்டில் சோறு அதிகமா, சப்பாத்தியா, பசி எப்படி என்று பார்த்து, அவர் எழுதிக் கொடுத்த அளவுக்குள் கூட்டிக் குறைத்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தார்.

எழுந்திருக்கப் போகும்போது மாமனார் மறுபடி உட்கார்ந்தார். "சாப்பாடு ரெண்டு மணிக்கு வந்தா?" என்று கேட்டார். இரண்டு மணிக்குப் போடுங்கள் என்றார் டாக்டரம்மா. "மூணு மணிக்கு வந்தா?" அப்படியானால் மூன்றுக்கு. "எப்ப வரும்னே தெரியலன்னா?" டாக்டரம்மா என்னைப் பார்த்தார், எனக்கும் ஒன்றும் புரியவில்லை. "வரும்போது போடுங்கள்" என்றார். பஸ்ஸில் வரும்போது மாமனார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். காசர்வாடி தாண்டிய பிறகு, "அப்ப பால்கில நடக்கலாம்மா" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சாமி கும்பிடப் போகிறவர் குரல் இல்லை அது. தோழனோடு சினிமாவுக்குப் போக அனுமதி கிடைத்த பையன் குரல்.

அத்தையைச் சம்மதிக்க வைப்பது டாக்டரம்மாவைச் சம்மதிக்க வைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. "ரோட்டுல வுழுந்து கெடந்தா யாரு தாடையப் புடிச்சு ஊத்துவாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலாக மாமனார் தினமும் மதியம் அவள் முன்னால் பரீட்சை எழுதினார். முதல் போங்கா ஊதும், கை தன்னால் பேனா பக்கம் போகும், இழுத்துக்கொள்வார். இரண்டாவது போங்காவும் ஊதும். தட்டு வரும், சோறு விழும், குழம்பு விழும், அதன் பிறகுதான் பேனா. அத்தை வேண்டுமென்றே சில நாள் தாமதமாகச் சமைத்தாள், சில நாள் சொல்லாமல் கொள்ளாமல் சீக்கிரமே தட்டை வைத்தாள். அவள் வேவு பார்க்கிறாள் என்று அவருக்கும் தெரியும். ஒருநாளும் வேர்க்கவில்லை. சாயங்கால பிஸ்கட்டும் நின்றது. ஒருநாள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்து, எறும்பு மொய்த்திருக்கிறது என்று வெளியே கொட்டியவள், "சரி, ஒரு நாளு மட்டும் போய் வாங்க. மருமவ கூட வரணும்" என்றாள். மகனுக்கு ஹிஞ்சேவாடியில் ஆபீஸ், மருமகளுக்கு என்ன வேலை என்ற கணக்கு. எனக்கு அன்று அந்தக் கணக்கில் கோபமே வரவில்லை.

இப்போது நாங்கள் புனேயிலேயே வாகட் என்ற பகுதியில் இருக்கிறோம். இந்த அடுக்ககத்தில் போங்கா கேட்காது. கேட்டாலும் யாரும் அதற்குக் கட்டுப்பட மாட்டார்கள். மீட்டிங் முடிந்தவர் மூன்று மணிக்குச் சாப்பிடுகிறார், பசித்தவர் பதினொன்றுக்கே ஃப்ரிட்ஜைத் திறக்கிறார். மாமனாருக்கு முழங்கால் போய்விட்டது, நடை குறைந்துவிட்டது. ஆனால் மேசையில் என்ன வருகிறது என்று பார்த்து, பேனாவின் திருகை க்ளிக் க்ளிக் என்று அளவாகத் திருப்பி, பேச்சை நிறுத்தாமலே குத்திக்கொண்டு எங்களோடு சேர்ந்து சாப்பிடுகிறார். என் மகளிடம், தாத்தா ஒரு காலத்தில் கவிழ்த்த அண்டாவில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டவர் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். அவளுக்கு அது வெறும் கதை. எனக்கு அப்படி இல்லை, ஏனென்றால் அந்த ஒருநாள் நடையில் நானும் இருந்தேன்.

பல்லக்கு நகரத்தில் தங்கிவிட்டுக் கிளம்புகிற காலையில் காகாவின் திண்டியோடு சேர்ந்துகொண்டோம். நடக்கும்போது உடம்பே சர்க்கரையை எரித்துவிடும், அன்றைக்கு ஊசி அளவைக் குறையுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காலணி இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக்கூடாது என்பது இன்னொரு கட்டளை. பலரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற கூட்டத்தில் புது ஷூவும் சாக்ஸுமாக மாமனார் கொஞ்சம் கூச்சத்தோடு நடந்தார். என் பையில் சோதிக்கிற கருவி, குளுக்கோஸ் பொட்டலங்கள், பிளாஸ்டிக் உறையில் பேனா. தாளமும் மிருதங்கமும் முன்னால் போக, துளசி மாடத்தைத் தலையில் வைத்த பெண்கள் நடுவில் போக, தூறல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. ஹடப்சரைத் தாண்டுமுன் ஒருமுறை அவர் விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை கொஞ்சம் குறைவு. ஒரு பொட்டலம் வாயில் போட்டு, கடை ஓரத்தில் உட்கார்ந்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் நடந்தோம். காகா எங்களோடேயே நின்றார். திண்டி முன்னால் போய்விட்டது. ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டார்கள் இருவரும், வேலைக்குத் தாமதமாகிவிட்டவர்கள் மாதிரி.

மதியச் சாப்பாடு சோலாப்பூர் சாலை ஓரத்தில், ஒரு வயலில். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கடைசியில் லாரி வந்தது. ஈரமான தார்ப்பாயில் எதிரும் புதிருமாக நீண்ட வரிசைகளில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். காகா தன் பக்கத்தில் மாமனாருக்கு இடம் போட்டார். இலைத்தட்டு வந்தது. பாக்ரி என்கிற சோள ரொட்டி விழுந்தது, அதன் மேல் கடலைமாவுக் குழம்பு, பிறகு ஒரு கை சோறு. தட்டு வந்துவிட்டது, மாமனார் பேனாவை எடுத்துவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை. வரிசையின் கடைசி ஆளுக்கும் பரிமாறி முடித்து, எல்லோருமாகச் சாமி பேர் சொன்ன பிறகுதான் முதல் கவளம். அது அவர்களுடைய வழக்கம். வரிசையோ கண்ணுக்கெட்டிய தூரம் போகிறது, பரிமாறுகிறவர்கள் இரண்டே பேர். போட்டுக்கொண்டு காத்திருந்தால் என்ன ஆகும் என்று தெரியும். எல்லோருக்கும் முன்னால் தனியாகச் சாப்பிடுங்கள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதற்காகவா இவ்வளவு தூரம் நடந்து வந்தார்? "மாமா, இன்னும் போடாதீங்க" என்றேன்.

"தெரியும்மா" என்றார். பேனாவின் மூடியைத் திறக்காமலே தொடையில் வைத்துக்கொண்டார். "டாக்டரம்மா தட்டு வந்தா போடுன்னு சொன்னாங்க. தட்டு வந்தா போதாது. கூட உக்காந்தவங்களும் கை வெக்கணும். அப்பதான் இது சாப்பாடு." பரிமாறுகிற வாளி மெதுமெதுவாகத் தள்ளிப்போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. கூடத்தில் எத்தனையோ மதியங்களில் நான் பார்த்த அந்தப் பதற்றம் அவர் முகத்தில் இல்லாததை அப்போதுதான் உணர்ந்தேன். கடைசியில் வரிசையின் கோடியிலிருந்து ஒரு குரல் எழுந்தது, எல்லோரும் சேர்ந்து சாமி பேரைச் சொன்னார்கள், வயல் அதிர்ந்தது. நூற்றுக்கணக்கான கைகள் தட்டுக்குப் போயின. மாமனார் ஈரச் சட்டையைத் தூக்கி, அளவைத் திருப்பி, குத்திக்கொண்டார். எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் பாக்ரியைப் பிட்டாள். காகா மட்டும் கையில் பிட்ட துண்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாமனார் பேனாவை மூடிப் பைக்குள் வைத்த பிறகு, காகா அவரைப் பார்த்து, "அரே, ரெண்டு பேரும் இங்க உக்காந்துட்டோம். மெஷின யார் பாக்கறது?" என்றார். மாமனாருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே முதல் கவளத்தை எடுத்தார். காகாவும் எடுத்தார். இருவருக்கும் கண் கலங்கியிருந்தது. குழம்பில் காரம் என்று இருவரும் சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ் பிடித்துத் தாபோடிக்குத் திரும்பினோம். பஸ்ஸிலேயே சோதித்துப் பார்த்தேன், சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியாது. அவர் முகத்தையும் கையையும் தொட்டுப் பார்த்தாள், வேர்வை இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகுதான் ஷூவைக் கழற்ற விட்டாள்.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்ட்டேன்."

"எத்தினி மணிக்கு?"

இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு அவரிடம் நிமிடக் கணக்கில் பதில் இருந்திருக்கிறது.

"தெரியல" என்றார். "எல்லாரும் சாப்ட்டப்ப."